பின்னறைக் கணப்பு

ஜனவரி 9, வியாழன்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட இல்லை. குசினிக்குள் இருந்து அக்காவின் குரல்: "தம்பி, உங்கட அடுப்பு திருப்பியும் நூந்து போச்சு."

மலர் அக்கா என் மனைவி வதனியின் மூத்த சகோதரி. பிள்ளைப்பேறு பார்க்க வவுனியாவில் இருந்து வந்திருக்கிறார். காஸ் கணப்பை அடுப்பு என்றுதான் சொல்வார். ஒரு தோசை சுட ஏலாத அடுப்பு என்று நக்கல் வேறு. அணைந்து போவதைத்தான் நூந்து என்கிறார். நூந்து போவது என்னவோ அதுதான், ஆனால் அவர் சொல்லும் விதத்தில் நானே நூந்து போனது போல இருக்கும்.

நிலைமையை எழுதி வைக்கிறேன். நாங்கள் இருப்பது ஒரு பழைய வீட்டின் பின்பகுதி. குசினி, அக்கா படுக்கும் ஒடுக்கமான அறை, யாரோ எப்போதோ கூட்டிக் கட்டிய பெரிய பின்னறை. குசினிக்கும் பின்னறைக்கும் நடுவில் கதவில்லை, திரை மட்டும். வீட்டைச் சூடாக்கும் உலையின் வெப்பம் குசினியோடு நின்றுவிடும். பின்னறைக்கு இருப்பது சுவரில் பதித்த கணப்பு ஒன்றுதான். மின்சார ஹீட்டரைச் செருகினால் அந்த அறையின் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது. அந்த அறையில்தான் வதனியும் பிள்ளையும். பிள்ளை மாதம் நிறையாமல் வயிற்றைக் கீறி எடுத்தவள். அறை சூடாக இருக்க வேண்டும் என்று பலமுறை சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினார்கள்.

இன்று வதனி சத்தம் போடாமல் சொன்னாள். "இஞ்சருங்கோ, உது நிண்டு எரிஞ்சா நான் இருக்கிறன். இல்லாட்டி பிள்ளையோட ஸ்காபரோவுக்குச் சித்தி வீட்டை போறன். போனா இந்த ஊருக்குத் திரும்பி வரமாட்டன்."

சொந்தக்காரர் யாருமில்லாத இந்தப் பனி ஊருக்கு வந்தது என் முடிவு. மர ஆலையில் வேலை, அந்த வேலையால் இந்த நாட்டில் நிரந்தர வதிவிடம். யாரையும் கேட்டு வரவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்குக் கேட்பது? இப்போதும் கேட்கப் போவதில்லை. கணப்பை எரிய வைப்பேன், அவ்வளவுதான்.

ஜனவரி 10, வெள்ளி

ஊரில் காஸ் வேலை செய்பவர் ஒரே ஒருவர், ரேமண்ட். மாத முடிவுக்குத்தான் வர முடியும் என்றார். வீட்டுக்காரர் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடாவில் இருக்கிறார். ரேமண்ட் வரும்வரை பொறுங்கள் என்று செய்தி அனுப்பினார். கை கால் வெயிலில் நீட்டிக்கொண்டு பொறுமை சொல்வது சுலபம். ஆலையில் லொறி அளவு இயந்திரத்தைப் பார்க்கிறவன் நான். இது விரல் அளவு சுடர்.

கண்ணாடியைக் கழற்றி, மரக்கட்டை போலச் செய்து வைத்த போலிக் கட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன். விஷயம் இதுதான். பைலட் என்கிற சின்னச் சுடர் எப்போதும் எரிய வேண்டும். அதுதான் பெரிய பர்னரைக் கொளுத்துகிறது. அந்தச் சுடருக்குள் ஒரு கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனி சூடாக இருக்கும்வரை காஸ் வால்வு திறந்திருக்கும். ஆறினால் மூடிவிடும். எங்கள் வீட்டில் பர்னர் கொஞ்ச நேரம் நன்றாக எரியும், பிறகு சின்னச் சுடர், பெரிய சுடர் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும்.

பைலட்டின் வாயில் தூசியும் ஒரு சிலந்தி வலையும். பழைய பல் பிரஷால் தேய்த்து, டப்பாவில் வரும் காற்றை அடித்துத் துப்புரவாக்கினேன். குமிழை அமத்திப் பிடித்துக் கொளுத்தினால் நல்ல நீலச் சுடர். மெல்ல விட்டேன், நின்றது. கண்டுபிடித்துவிட்டேன் என்று வதனியிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு "ம்" என்றாள்.

இரவுச் சாப்பாடு தயாராவதற்குள் அணைந்துவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று அக்காவோடு ஒரு சண்டை.

பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்பது அவர் கொள்கை. வதனியின் காதில் பஞ்சு, தலையில் துணி. அதோடு விட்டால் பரவாயில்லை. ஊரில் இருந்து பிள்ளைக்கென்று கொண்டுவந்த பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, மீன் வெட்டும் கத்தியால் ஜன்னல் இடுக்கெல்லாம் திணித்து வைத்திருக்கிறார். பின்கதவின் அடியில் நான் உடுக்கும் சாரம் ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறார். காற்று நுழையும் இடம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"அக்கா, வீட்டைப் போத்திலுக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு," என்றேன்.

"நீங்கள் உங்கட அடுப்பைப் பாருங்கோ தம்பி. காத்தை நான் பாக்கிறன்."

"நெருப்புக்கும் காத்து வேணும்."

"பிள்ளைக்குச் சூடு வேணும். உங்களாலை அதைக் குடுக்க முடியேல்லை எண்டுதான் நான் துணி வைக்கிறன்."

அவர் சொன்னது உண்மை, அதனால்தான் கோபம் வந்தது. சுடருக்குள் நீட்டும் அந்தக் கம்பியின் நுனிதான் பழுதாக இருக்க வேண்டும். தெர்மோகப்பிள் என்று அதற்குப் பெயர். புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். பிள்ளை பிறந்த துடக்கு, அந்தத் தீட்டு நாட்கள், முடியவில்லை என்பதால் பொங்கவில்லை. அக்கா சரக்குக் கறி வைத்தார். மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்து, உள்ளியை அள்ளிப் போட்டு. பிள்ளை பெற்றவளுக்கான கறியானாலும் எனக்கும் ஒரு கோப்பை வரும். இந்தக் குளிருக்கு அதைப்போல ஒன்றில்லை.

சரக்கு வறுக்கத் தொடங்கினால் இரண்டு தொல்லை. ஒன்று, வீட்டின் முன்பகுதியில் இருப்பவர்கள் மணம் வருகிறதென்று வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால் அடுப்புக்கு மேலிருக்கும் புகை இழுக்கும் ஃபானை, சமையல் தொடங்கியதில் இருந்து முடியும்வரை உச்சத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். பெரிய ஃபான், கடைச் சமையலறைக்கு ஏற்றது. யார் பூட்டினார்களோ, வாழ்க. இரண்டு, பின்னறை வாசலுக்கு மேலே இருக்கும் மணி புகை கண்டவுடன் அலறிப் பிள்ளையைத் துள்ள வைக்கிறது. குளியலுக்குப் போடும் கண்ணாடித் தாள் தொப்பி ஒன்றை அதற்கு மாட்டி விட்டேன். அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

புதிய தெர்மோகப்பிளைப் பூட்டினேன். பின்னேரம் முழுக்க எரிந்தது. வதனி காலை நீட்டிச் சூடு காய்ந்தாள். "நல்லாயிருக்கு," என்றாள். இந்த ஊருக்கு வந்தபின் அவள் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது இன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கறியின் மிளகு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜனவரி 15, புதன்

அணைந்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

தாதி பிள்ளையை நிறுத்துப் பார்க்க வந்தார். நிறை கூடியிருக்கிறது. ஆனால் அறைக்குள் வந்ததும் அவர் தன் கோட்டைக் கழற்றவில்லை. வதனி அதைக் கவனித்தாள். நான் அவள் கவனித்ததைக் கவனித்தேன்.

அவர் போனபின் வதனி அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.

"எதுக்கு?"

"சும்மா. கீழ இருக்கட்டும்."

இறக்கி வைத்தேன். கட்டிலுக்கு அருகில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் கணப்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

ஒரு நாள் முழுக்க கணப்புக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். ஒன்று துலங்கியது. அது எந்த நேரத்திலும் அணைவதில்லை, சமைக்கும்போதுதான் அணைகிறது!

விடை கையில் வந்துவிட்டது. குசினி அடுப்பும் காஸ், கணப்பும் காஸ், குழாய் ஒன்று. நாலு பர்னரும் எரிந்தால் கணப்புக்கு வரும் காஸ் குறைகிறது. வேறென்ன? அக்காவிடம் மின்சார ஹொட்பிளேட்டைக் கொடுத்து இனி இதில்தான் சமையல் என்று சொல்லிவிட்டேன்.

"இதிலை கறி கொதிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்," என்றார்.

"போகட்டும். இஞ்சை இருந்து போகட்டும்."

வதனி சிரித்தாள். சிரிப்பு என்று எழுதலாம், மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது.

ஜனவரி 20, திங்கள்

காஸ் அடுப்பைத் தொடவே இல்லை. ஹொட்பிளேட்டில் பருப்பு, கீரை, மீன். ஃபான் வழமை போல. மீன் கொதிக்கும்போது கணப்பு அணைந்தது.

சட்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. மீன் நன்றாக இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

முடிந்தது. எரிகிறது. நின்று எரிகிறது.

மதிய இடைவேளையில் ஆலையில் இருந்து ஒரு காணொளி பார்த்தேன். தொப்பி போட்ட ஒருவர் இதே கணப்பை வைத்து விளக்குகிறார். தெர்மோகப்பிளில் இருந்து வால்வுக்குப் போகும் வழியில், மேலே புகைபோக்கியின் வாயருகே, பொத்தான் அளவில் ஒரு சுவிச் இருக்கிறது. அது பழுதானாலும் சுடர் நின்று எரியாது. அதில் இருந்து கீழே வால்வுக்கு வரும் இரண்டு வயர்களையும் கழற்றித் துண்டுக் கம்பியால் ஒன்றாக இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சோதித்துப் பார்க்க மட்டும் இப்படிச் செய்யுங்கள் என்றார். வேலையால் வந்ததும் நான் சோதித்தேன். எரிந்தது. கம்பியை அப்படியே விட்டுவிட்டேன். காணொளியில் அதற்குமேல் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார், இடைவேளை முடிந்துவிட்டிருந்ததால் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

ஃபான் முழங்க அக்கா சமைத்தார். எரிந்தது. சாப்பிட்டோம். எரிந்தது. வதனி கேட்டாள், "என்ன பழுது?"

"ஒரு சின்னச் சுவிச். இப்ப சரி."

பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அவள் தடுக்கவில்லை. ஆலையில் என்னை மாடு என்பார்கள், பிடித்தால் விடமாட்டேன் என்பதால். இன்று அது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

அறை கதகதவென்று இருக்கிறது. பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள், பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது என்று வதனி சொன்னாள். சூடு பட்டால் தூக்கம் வரும்தானே.

சுடர் முன்போல நீலமாக இல்லை, மஞ்சளாக, சோம்பலாக ஆடுகிறது. கண்ணாடியில் கரி படிகிறது. போலிக் கட்டைகளைச் சரியாக அடுக்கவில்லை போல. ஞாயிறு பார்க்கிறேன். ஜன்னல்களின் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. அக்கா துணியை மாற்றி வைத்தார், பழையது நனைந்துவிட்டதாம்.

ஜனவரி 24, வெள்ளி

அக்காவுக்குத் தலையிடி. "மண்டைக்குள்ள உலக்கை போடுது," என்று பின்னேரமெல்லாம் சுருண்டு படுத்தார். கோப்பி கொடுத்தேன். பனிக்குப் பழக்கமில்லை. வதனிக்கும் தலைச்சுற்று, இரத்தம் குறைவாக இருக்கலாம். காலையில் வேலைக்குப் போகும் வழியில் என் தலையும் கொஞ்சம் கனத்தது, ஆலைக்குப் போனதும் விட்டுவிட்டது. எல்லோருக்கும் தடிமன் காய்ச்சல் வரப் பார்க்கிறது.

ஞாயிறு முப்பத்தோராம் நாள். துடக்குக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் சொல்ல வேண்டும். நான்தான் சமைக்கப் போகிறேன். ஐந்து கறி, பாயாசம். காஸ் அடுப்பிலேயே சமைக்கலாம், இனி என்ன பயம்.

ஜனவரி 27, திங்கள். ஆஸ்பத்திரி

நேற்று எழுதவில்லை. இன்று எழுதாமல் விட்டால் நான் இதைத் திரித்துவிடுவேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

ஞாயிறு காலை அக்கா வாந்தி எடுத்தார். போய்ப் படுங்கோ, நான் பார்க்கிறேன் என்றேன். குளிர் அன்று கொடுமை, அதனால் கணப்பை உச்சத்தில் விட்டேன். நாலு பர்னரும் எரிய, ஃபான் முழங்க, மத்தியானம் வரை குசினியில் நின்றேன். எனக்கும் தலை இடித்தது. பசி என்று நினைத்தேன்.

சோற்றுத் தட்டோடு திரையை விலக்கினால் பின்னறை ஜன்னல் மூன்றும் விரியத் திறந்திருக்கின்றன. துணி நாடாக்கள் தரையெல்லாம் கிடக்கின்றன. அக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே பனிக்குள் நீட்டியபடி நிற்கிறார். "காத்து வேணும் தம்பி. எனக்குக் காத்து வேணும்."

காற்றுக்கு எதிரி என்று ஒரு மாதமாக நான் திட்டிய மனுசி சொன்னது அது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "பிள்ளை விறைச்சுப் போகப்போகுது, உங்களுக்கு என்ன விசரோ?" என்று கத்தினேன். அவரை இழுத்துக் கட்டில் ஓரத்தில் இருத்தினேன். மூன்று ஜன்னலையும் சாத்தினேன். தரையில் கிடந்த துணியை எடுத்து என் கையாலேயே திணித்தேன். நன்றாக, இறுக்கமாக. எதையும் பாதியில் விடுகிற ஆள் நான் இல்லை.

அப்போது வதனி பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இவள் எழும்புறாள் இல்லை. குஞ்சு, குஞ்சு..." எழுந்து நிற்கப் பார்த்தாள், முழங்கால் மடிந்தது. கட்டிலைப் பிடித்து நின்றாள். கணப்பின் கரிக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு மேலே பார்த்தாள். மூலையில் இருந்த, வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்து, நான் மாட்டிய குளியல் தொப்பியைத் தட்டி விழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மணி அலறத் தொடங்கியது. சரக்கு வறுக்கும்போது அலறும் சத்தம் இல்லை இது, வேறு. அதற்குள் ஒரு பெண்ணின் குரல், நச்சுக் காற்று, வெளியேறுங்கள் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. அது புகைக்கு மட்டுமான மணி இல்லை என்று எனக்குத் தெரியாது. நான் வாசித்துப் பார்க்கவில்லை.

பிள்ளையைப் போர்வையோடு வாரி எடுத்தேன். அக்காவை வதனி தாங்கினாளா, வதனியை அக்கா தாங்கினாரா தெரியாது. பனிக்குள் மூவரும் நின்றோம். அந்தக் குளிர் முகத்தில் அறைந்ததும் பிள்ளை வாயைத் திறந்து அழுதாள். அதைவிட இனிய சத்தம் என் வாழ்க்கையில் கேட்டதில்லை, இனிக் கேட்கப் போவதுமில்லை.

எல்லோருக்கும் ஒட்சிசன் முகமூடி. பிள்ளையின் இரத்தம் இன்று நல்லபடி இருக்கிறது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். வதனியிடம் கேட்டேன், மணியை எப்படி யோசித்தீர் என்று.

"ஒரு மாசமா அதுக்கு நேர கீழதான் படுத்துக் கிடக்கிறன். அதிலை எழுதியிருக்கிறது எல்லாம் எனக்குப் பாடம்," என்றாள்.

ஜனவரி 28, செவ்வாய்

வதனியையும் பிள்ளையையும் இன்னும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். அக்காவை வீட்டுக்கு விட்டார்கள். நானும் அவரும் வீட்டில் இருக்கும்போது ரேமண்ட் வந்தார். இப்படியென்றால் அவருக்கு நேரம் இருக்கிறது.

தீயணைப்புப் படை கணப்பின் காஸைப் பூட்டிவிட்டுப் போயிருந்தது. ரேமண்ட் நெருப்பு மூட்டவில்லை. புகை வரும்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அக்கா சாமிப்படத் தட்டில் இருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கொண்டுவந்தார். கணப்பின் வாயருகே ரேமண்ட் அதைப் பிடித்தார்.

"உவ்வளவும் உங்கட ஃபானாலை வந்தது," என்று அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

"உங்கட துணியாலை வந்தது," என்றேன்.

துணியை எடுத்துவிட்டு ஃபானைப் போட்டார் ரேமண்ட். புகை கணப்புக்குள் மேலே போனது. அக்காவைப் பார்த்தேன். பிறகு துணியைத் திணித்து ஃபானை நிறுத்தினார். புகை அப்போதும் மேலேதான் போனது. அக்கா என்னைப் பார்த்தார். கடைசியில் துணியும் இருக்க, ஃபானையும் உச்சத்தில் விட்டார். ஊதுபத்திப் புகை திரும்பி, நேரே எங்கள் இருவரின் முகத்துக்கும் வந்தது. ஃபானுக்கு இழுக்கக் காற்று வேண்டும், வேறெங்கும் கிடைக்காததால் புகைபோக்கி வழியாகக் கீழே இழுத்திருக்கிறது. அவர் காற்றுக்குப் பயந்தார், நான் மணத்துக்குப் பயந்தேன். இரண்டு பயமும் சேர்ந்த இடத்தில் பிள்ளை படுத்திருந்தாள்.

பிறகு ரேமண்ட் படுத்துக்கொண்டு கணப்பின் அடியில் டோர்ச் அடித்தார். என் துண்டுக் கம்பியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மெல்லிய குரலில் கேட்டார், விளக்கினார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது.

"என்னவாம் தம்பி?"

"மேலை போகவேண்டிய நஞ்சுக் காத்து அறைக்குள்ள திரும்பி வந்தா, சுடரை நூக்கிறதுக்கு எண்டு ஒரு சுவிச் இருந்ததாம். அது பழுதில்லையாம். அதை ஆரோ கம்பி போட்டு வேலை செய்யாமப் பண்ணியிருக்கினமாம்."

"ஆர்?"

வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். முன்பு இருந்தவர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"நான்," என்றேன்.

அக்கா ஊதுபத்தியை அணைத்துத் தட்டில் வைத்தார். கதிரையில் இருந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. "வதனிக்கு நான் சொல்லமாட்டன்," என்றார். "நீங்கள்தான் சொல்லவேணும்."

ஜனவரி 29, புதன்

சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வதனி கேட்டாள். கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் அது நூந்து நூந்து எங்களைத்தான் காப்பாத்தினது," என்றாள்.

"ஓம்."

"நான் சொல்லி நீங்கள் கேக்கிறேல்லை. அக்கா சொல்லிக் கேக்கிறேல்லை. அது ஒவ்வொரு நாளும் சொல்லிச்சுது, அதையும் கேக்கேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. சித்தியின் மகன் சனிக்கிழமை காரோடு வருகிறானாம். சரி என்றேன். பெட்டியை நானே இறக்கி வைக்கிறேன் என்றும் சொன்னேன்.

ஜனவரி 31, வெள்ளி

ரேமண்ட் எல்லாவற்றையும் முடித்தார். புதிய சுவிச், புதிய மணி, சுவரில் வெளிக்காற்று வருவதற்கென்று ஒரு துவாரம். ஃபானை இனிக் குறைவாகத்தான் வைக்க வேண்டும், குசினி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. மணம் போனால் போகட்டும். அக்கா துணி நாடாக்களைத் தானே உருவி எடுத்துத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறார். காற்றுத் துவாரத்தை மட்டும் இன்னும் சந்தேகமாகப் பார்க்கிறார்.

வதனியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுடர் நீலமாக, நேராக எரிகிறது. நான் நினைத்தபடி அறை சூடாகிவிட்டது. அதற்கு இப்போது ஒரு மதிப்பும் இல்லை. அவள் பெட்டியில் பிள்ளையின் உடுப்புகளை அடுக்குகிறாள்.

பெப்ரவரி 1, சனி

காலையில் பால் கொடுத்து முடித்தபின் வதனி பிள்ளையை அக்காவின் தோளில் போட்டுவிட்டுக் கணப்புக்கு முன்னால் வந்து மெல்லக் குந்தினாள். பெட்டி பூட்டியாயிற்று. சித்தியின் மகன் ஸ்காபரோவில் புறப்படத் தயாராகத் தொலைபேசியில் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"இதைக் காட்டித் தாங்கோ," என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். எது காஸ், எது சுடர், எந்த நிறம் நல்லது, எந்த நிறம் கூடாது. நீங்கள் கை வைக்காதேங்கோ. சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் இதைப்போலக் கடினமான வேலை வேறில்லை. குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொன்னேன். அவள் திருப்பினாள். அமத்திப் பிடியும் என்றேன். பிடித்தாள். ஒருமுறை தவறியது, என் கை தானாக நீண்டது. திரும்பிப் பார்த்தாள், மடக்கிக்கொண்டேன். இரண்டாம் முறை சின்னச் சுடர் பிடித்தது. பர்னர் மெல்லிய ஓசையோடு பற்றிக்கொண்டது. அதன் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சி இல்லை, பயமும் இல்லை. சோதனை எழுதும் மண்டபத்தில் இருப்பவள் போல இருந்தாள்.

"இனி இதை நூக்கிறது எப்பிடி?"

சொன்னேன். பர்னரை நிறுத்தினாள். சின்னச் சுடரை நிறுத்தினாள். கீழே குனிந்து காஸ் குழாயின் பிடியைக் கண்டுபிடித்துக் குறுக்கே திருப்பினாள். எல்லாம் இருண்டு சத்தம் அடங்கியது. பிறகு முதலில் இருந்து மறுபடி கொளுத்தினாள், மறுபடி அணைத்தாள். மூன்றாம் முறை அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அவரைச் செய்ய வைத்தாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே செய்தார். முதல் தடவையிலேயே அணைத்தார்.

நான் கேட்டேன். இதை எப்படிக் கேட்பது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இருப்பீரோ?"

வதனி தொலைபேசியை எடுத்தாள்.

"சித்தி, தம்பியை வெளிக்கிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இல்லை, அவர் இரு எண்டு சொல்லேல்லை. கேட்டவர்." கொஞ்ச நேரம் மறுமுனையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "சூடு இருக்கு சித்தி, ஆனா நான் இருக்கிறது அதாலை இல்லை. எனக்கு இப்ப இதை நூக்கத் தெரியும்."